ஹால்வர் கொடுத்த ஆறு அம்புகள்

வெர்லின் ஸ்ட்ரவுடும் அவன் மைத்துனன் ஹால்வரும் எதைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தாலும் கடைசியில் அம்பில்தான் வந்து நிற்பார்கள். பிக்கப் வண்டி டயரில் தொடங்கும், காப்பித்தூளில் தொடங்கும், ஒருமுறை சர்ச்சின் கூரைத் தகட்டில்கூடத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் கார்பன் நாரில் செய்த அம்புக்கு வந்துவிடுவார்கள். எங்கள் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் செப்டம்பர் பிறந்தால் மான் வேட்டைக்கு வில்லெடுக்காத வீடு குறைவு. ஆனாலும் இந்த இருவர் அளவுக்கு அம்பைப் பற்றிப் பேசினவர்களை நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் நான்தான் அதிகம் கேட்டவன்.

வெர்லின் மர லாரி ஓட்டுகிறவன். தீவனக் கடையில் மாட்டுத் தீவன மூட்டைக்குப் பின்னால் தொங்கும் மலிவான கார்பன் தண்டுகளைத்தான் வாங்குவான். ஒரு டஜன் வாங்கி வந்து, சமையலறை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் நகத்தின் மேல் நிறுத்திச் சுழற்றுவான். ஆடுவதைத் தள்ளி வைப்பான். பிறகு எடை. பிறகு வளைத்துப் பார்த்து விறைப்பு. பிறகு கொல்லையில் காகிதத்தை நிறுத்தி எய்து, கிழிசல் எப்படி விழுகிறது என்று பார்ப்பான். பன்னிரண்டில் ஆறோ ஏழோ தேறும். மற்றவை பழகுவதற்கு. பழகும்போது அடிபட்டதைக் காதோரம் வைத்து வளைப்பான். லேசாக 'கிரிக்' என்று சத்தம் வந்தால் உள்ளே விரிசல் என்று முழங்காலில் வைத்து ஒடித்துவிடுவான். இப்படிச் சலித்தெடுத்த அம்புகளால் பெரும்பாலான வருடங்களில் அவன் வீட்டுக்கு ஒரு எல்க் மான் வந்துவிடும்.

ஹால்வர் வெல்டிங் வேலை செய்கிறவன். கையில் எது இருந்தாலும் அது உயர்ந்த ரகமாக இருக்க வேண்டும் அவனுக்கு. அவன் வாங்கும் ஒரு டஜன் அம்பின் விலைக்கு வெர்லினின் பிக்கப்புக்கு ஒரு புது டயர் போட்டுவிடலாம். நான்கு வருடமாக ஒரு மான்கூட அவன் கையில் விழவில்லை.

"மானுக்கு விலைச்சீட்டப் படிச்சுக் காட்டுனியா மாப்ள?" என்பான் வெர்லின்.

"ஒரு நாள் உன் தீவனக்கடை அம்பு காத்துல பாம்பு மாதிரி நெளியும். அன்னைக்கு வருவ எங்கிட்ட."

"நெளிஞ்சுதான் போன வருசம் ஒண்ணு விழுந்துச்சு. உங்க அக்காகிட்டக் கேளு, பிரீசர் இன்னும் நெறைஞ்சு கெடக்கு."

ஹால்வரின் அக்கா லோரீன்தான் வெர்லினின் மனைவி. அவள் இருவருக்கும் நடுவில் ரொட்டியை வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் வாய வச்சே எல்க் சுடலாம். வில்லு எதுக்கு?" என்பாள்.

வெர்லினுக்கு ஐம்பத்து மூன்று வயதான அந்த மே மாதம், ஹால்வர் ஒரு நீளமான அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். உள்ளே ஆறு அம்புகள், அந்த உயர்ந்த ரகம். வெர்லினின் கைநீளத்துக்கு அளந்து வெட்டி, முனையில் உலோகக் கூர் பொருத்தி, இறகு ஒட்டி, எல்லாம் அவனே ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தது. வெர்லின் பெட்டியைப் பார்த்தான், மைத்துனனைப் பார்த்தான்.

"என்னடா இது?"

"பொறந்தநாளு. எடுத்துக்க. புடிக்கலன்னா தக்காளிச் செடிக்கு ஊணு."

அன்று சாயங்காலமே கொல்லைக்குப் போனான். நகத்தில் சுழற்றினான், ஒன்றுகூட ஆடவில்லை. எடை போட்டான்; ஆறும் ஒரே எடை. நாற்பது கெஜத்தில் வைக்கோல் கட்டைக் குறிவைத்து எய்தான். ஆறும் ஒரு காப்பிக் கோப்பைக்குள் அடங்கும் இடத்தில் போய்ச் செருகின. மறுபடி எய்தான். மறுபடி அதே. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சலிக்கவே வேணாம் போலருக்குடா," என்றான். திருட்டு மாம்பழம் தின்று பிடிபட்டவன் முகம் மாதிரி இருந்தது.

அதுதான் விஷயம். நல்ல அம்பு என்றால் ஏதோ மந்திரம் இல்லை. இருபது, முப்பது கெஜத்தில் நிற்கும் மானுக்கு அவன் சலித்தெடுத்த ஏழும் இந்த ஆறும் ஒன்றுதான். ஆனால் அந்த ஏழு அம்பைத் தேடி அவன் செலவழித்த சாயங்காலங்கள் இப்போது அவனிடமே இருந்தன. அந்தக் கோடையில் வெர்லின் அம்பைத் தேர்ந்தெடுக்காமல் அம்பை எய்து பழகினான். கை நன்றாகப் படிந்தது. ஹால்வரிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. "பரவாயில்ல, போகுது" என்பான். ஹால்வருக்கு அதுவே போதும். வண்டியில் ஏறும்போது சீட்டி அடித்துக்கொண்டு போவான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு அம்பு வைக்கோல் கட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு பின்னால் போய்க் கல்லில் மோதியது. முனை மழுங்கிவிட்டது. வெர்லின் முனையை மாற்றினான். தண்டைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தான். கீறல் எதுவும் தெரியவில்லை. காதோரம் வைத்து வளைத்தான். ஏதோ கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. தீவனக் கடை அம்பாக இருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே முழங்காலில் ஒடிந்திருக்கும். இதை ஒடிக்க அவனுக்குக் கை வரவில்லை. விலையும் ஒரு காரணம்தான். அதைவிட, ராத்திரி உட்கார்ந்து இறகு ஒட்டினவன் முகம் கண்முன் வந்தது. அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். சீசன் தொடங்கியதும் மற்ற ஐந்தோடு அதையும் அம்புக்கூட்டில் கடைசியாகச் செருகிக்கொண்டான். அதுவரைக்கும் எங்கே வரப்போகிறது என்று நினைத்தான்.

செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை, விடியும்போதே இருவரும் மலையேறினார்கள். ஓடையைக் கடந்து, எரிந்துபோன பைன் காட்டைக் கடந்து, மேல் பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆண் எல்க் ஒன்று கூவுவது கேட்டது. தகரப் புல்லாங்குழலை யாரோ மேல் ஸ்தாயியில் ஊதி முடிவில் இருமினால் எப்படி இருக்கும், அப்படி. ஹால்வர் பின்தங்கி மரத்தடியில் உட்கார்ந்து பெட்டை மானின் குரலில் ஊதுகுழலை ஊத, வெர்லின் முன்னால் போய் ஒரு விழுந்த மரத்தின் மறைவில் முழங்காலிட்டான்.

அந்த ஆண் எல்க், நல்ல கொம்பன், வந்தது. வருவதற்கு முன்னால் அதன் வாசம் வந்தது. வெர்லின் அம்புக்கூட்டில் கையை விட்டான். அந்தப் பதற்றத்தில் முதல் அம்பு, கடைசி அம்பு என்று யார் பார்ப்பார்கள்? கைக்கு வந்ததை எடுத்து நாணில் மாட்டினான். கொம்பன் ஒரு பைன் மரத்துக்குப் பின்னால் தலை மறைந்த நொடியில் நாணை இழுத்தான். அது வெளியே வந்து விலாவைக் காட்டி நின்றது. இருபத்தைந்து கெஜம் இருக்கும். விட்டான்.

துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம். கொம்பன் காடு அதிர ஓடியது. வெர்லினுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. வில் கீழே கிடந்தது. வில்லைப் பிடித்திருந்த இடது கையைப் பார்த்தான். கட்டைவிரலின் அடிச்சதையில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்திருந்தது கறுப்பாக ஈட்டி போல ஒரு அம்புத் துண்டு. அதைச் சுற்றிப் பன்றி முடிபோல இன்னும் சில சிலாம்புகள். நாண் தள்ளிய வேகத்தில் தண்டு நீளவாக்கில் பிளந்து சிதறியிருந்தது.

ஹால்வர் ஓடி வந்தான். "அடிச்சிட்டியா? சத்தம் கேட்டு..." என்று ஆரம்பித்தவன் கையைப் பார்த்து நின்றுவிட்டான். வெர்லின் வலது கையால் அந்தத் துண்டைப் பிடுங்கப் போனான்.

"தொடாத! மச்சான், தொடாத! புடுங்குனா அப்படியே நார் நாரா உள்ள நின்னுரும். ரத்தமும் நிக்காது."

"எரியுதுடா."

"எரியும். உக்காரு. எங்கிட்டப் பாரு, கையப் பாக்காத. அந்த மரத்துல எத்தன கெளை இருக்குன்னு எண்ணு."

"மரம் எரிஞ்சு போச்சுடா, கெளை ஏது?"

"அப்ப சீக்கிரம் எண்ணிட்ட."

ஹால்வர் தன் சட்டையைக் கழற்றிக் கிழித்தான். துண்டு அசையாமல் இருக்க இருபுறமும் துணியைச் சுருட்டி வைத்துக் கட்டினான். கையை மார்போடு சேர்த்துத் தூக்கிக் கட்டினான். பிறகு இரண்டு பேரின் மூட்டையையும் இரண்டு வில்லையும் தன் மேல் மாட்டிக்கொண்டான். அவன் முழங்கால் இரண்டும் ஏற்கனவே பழுது. பனியன் மட்டும் போட்டுக்கொண்டு, கழுதை மாதிரிச் சுமந்துகொண்டு, முன்னால் நடந்தான். ஓடை வந்தபோது வெர்லினுக்குக் கண் இருட்டியது. தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, முகத்தைக் கழுவிவிட்டு, பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து வாயில் திணித்தான்.

"நான் இங்கயே இருக்கேன். நீ போய் ஆளக் கூட்டிட்டு வா," என்றான் வெர்லின்.

"கூட்டிட்டு வர்றேன். அதுக்குள்ள கரடி வந்து யாருன்னு கேட்டா என்ன சொல்லுவ? எந்திரி. ரொம்ப எடை போட்டுட்ட, உன்னத் தூக்க மட்டும் என்னால ஆகாது. நடந்துதான் வரணும்."

மேட்டில் ஏறியபோது போனில் சிக்னல் வந்தது. ஹால்வர் அக்காவைக் கூப்பிட்டான். அவர்கள் பாதை முடியும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது லோரீன் வண்டியைத் திருப்பி நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து நின்றிருந்தாள். புருஷனை ஏற்றி சீட் பெல்ட்டைக் கட்டினாள். வண்டி தார் ரோட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். ஆஸ்பத்திரி இருந்த மிசூலா நகரம் வரும்வரை மூடவில்லை. திட்டு முழுக்க ஹால்வருக்கு. "ஆசையா இருந்தா ஒரு சட்டைத்துணி எடுத்துக் குடுத்திருக்கலாம்ல? அம்பு எடுத்துக் குடுக்குற மூஞ்சியப் பாரு. உன் சட்டை எங்கடா?"

"அவர் கையில கட்டியிருக்கேன்கா."

லோரீன் ஹீட்டரைக் கூட்டி வைத்தாள்.

மிசூலா ஆஸ்பத்திரியில் கைக்கென்றே ஒரு டாக்டர் இருந்தார். சான்டோவல் என்று பெயர், சின்ன உருவம். அன்று மாலையே அறுவை செய்து பெரிய துண்டையும் பல சிலாம்புகளையும் எடுத்தார். வெளியே வந்து லோரீனிடமும் ஹால்வரிடமும் பேசினார்.

"நரம்பு அறுபடாமத் தப்பிச்சிருக்கு. அது நல்ல சேதி. ஆனா ஒரு சிக்கல். கார்பன் எக்ஸ்ரேல சரியா தெரியாது. ஸ்கேன்லயும் வீக்கத்துல கலங்கலாத்தான் தெரியுது. உள்ள இன்னும் ஏதாவது இருக்கான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியல. இருந்தா சீழ் வைக்கும். இல்லன்னா, சும்மா தொறந்து கிளற எனக்கு விருப்பமில்ல. தசைநாரெல்லாம் அங்கதான் போகுது."

"எத்தன துண்டாச்சு, எது எது வெளிய இருக்குன்னு தெரிஞ்சா உங்களுக்கு உதவுமா டாக்டர்?" என்று கேட்டான் ஹால்வர்.

"ரொம்ப உதவும். ஆனா அது மலையில எங்கயோ கெடக்கும்ல?"

ஹால்வர் தலையாட்டினான். அவ்வளவுதான் கேட்டான்.

மறுநாள் விடியும்போது அவன் மலையில் இருந்தான். வில் எடுத்துப் போகவில்லை. லோரீன் புருவத்துக்கு வைத்திருந்த இடுக்கி, மதிய உணவு கட்டும் காகிதப் பை, ஒரு வெள்ளைத் துண்டு, இவைதான். அந்த விழுந்த மரத்தைக் கண்டுபிடித்து, அதன் முன்னால் முழங்காலிட்டு, புல்லை விரலால் சீவிச் சீவிப் பார்த்தான். கிடைத்ததையெல்லாம் துண்டில் பரப்பினான். கண்ணுக்கே தெரியாத கறுப்பு நார்களைக்கூட விடவில்லை. ரத்தம் காய்ந்த இலைகளைப் புரட்டினான். முனையோடு சேர்ந்த முன்பாதி வெகுதூரம் போய் ஒரு பைன் வேரில் செருகிக் கிடந்தது. நாண் மாட்டும் பின்பகுதி பாசிக்குள் புதைந்திருந்தது.

மதியம் தாண்டி அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது முழங்கால் இரண்டிலும் பேண்ட் நனைந்து மண்ணாக இருந்தது. டாக்டரின் மேசையில் தன் அம்புகளில் முழுதாக ஒன்றை வைத்தான். அதே ரகம், அதே நீளத்துக்கு முந்தின இரவே வெட்டிக் கொண்டுவந்திருந்தான். அதற்குப் பக்கத்தில் பொறுக்கி வந்த துண்டுகளை அடுக்கினான். டாக்டர் கையிலிருந்து எடுத்தவற்றையும் கொண்டுவரச் சொல்லி இடையிடையே பொருத்தினார். இருவரும் தலையோடு தலை முட்ட, படம் சேர்க்கும் பிள்ளைகள் மாதிரி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் எல்லாம் பொருந்தியது, ஒரு இடம் தவிர. பின்பகுதியில் ஒரு பக்கமாக, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிலாம்பு இல்லை.

"மலையில இல்லவே இல்லயா?" என்றார் டாக்டர்.

"நான் பாத்த வரைக்கும் இல்ல. ஒரு கெஜத்தக்கூட நான் விடல டாக்டர்."

டாக்டர் அந்த இடைவெளியை அளந்துகொண்டார். மறுநாள் காலை திறந்தார். முதலில் பார்த்த பக்கத்தில் இல்லை. தசைநாருக்கு அடியில், மணிக்கட்டை நோக்கிப் படுத்திருந்தது. அளந்த நீளம் அப்படியே இருந்தது. "இது உள்ளயே நின்னிருந்தா கட்டைவிரல் போயிருக்கும். அதுக்கு மேலயும் போயிருக்கலாம்," என்று லோரீனிடம் சொன்னார். லோரீன் நடைபாதையில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் போனாள். அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். சின்ன வயசுக்குப் பிறகு அக்கா அப்படிச் செய்ததே இல்லை என்று ஹால்வர் என்னிடம் பிறகு சொன்னான்.

வெர்லின் கண் விழித்துப் பேசும் நிலைக்கு வந்ததும் ஹால்வர் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"நேத்து அந்தக் கொம்பன் வந்துச்சு, மச்சான்."

"எது?"

"அதேதான். நான் நாலு கால்ல நின்னு புல்லத் தடவிட்டு இருக்கேன். மூச்சுச் சத்தம் கேக்குது. தலையத் தூக்குனா இருபது கெஜத்துல நிக்குது. விலாவ அப்படியே காட்டிக்கிட்டு. நாலு வருசமா நான் கும்பிட்டுக் கேட்ட மாதிரி."

"கையில என்ன வச்சிருந்த?"

"அக்காவோட புருவ இடுக்கி."

வெர்லின் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வலியா, வேறெதுவா என்று அவனுக்கே தெரியவில்லை. சிரிப்பு அடங்கியதும் ஹால்வர் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"நான் குடுத்த அம்பு. என்னால ஆச்சு. தீவனக்கடை அம்பே போட்டிருந்தா..."

"நிறுத்துடா," என்றான் வெர்லின். "அந்த அம்பு கல்லுல மோதிச்சு. ஆகஸ்டுல. எனக்குத் தெரியும். வளைச்சப்ப சத்தம் வந்த மாதிரி இருந்துச்சு."

ஹால்வர் நிமிர்ந்தான். முகம் சிவந்தது. "தெரிஞ்சுமா? பின்ன ஏன்டா ஒடிக்கல? ஊர்ல இருக்குற ஒவ்வொரு அம்பையும் காதுல வச்சுக் கேட்டு ஒடிக்கிறவன்தான நீ!"

"நீ குடுத்ததுடா. ஒடிக்க மனசு வரல."

ஹால்வர் எழுந்து ஜன்னலுக்குப் போனான். திரும்பி வந்தபோது கோபம் போயிருந்தது.

"மடையா," என்றான். "அம்பு போனா அம்பு வரும். இனிமே நான் எதக் குடுத்தாலும், சந்தேகம் வந்தா மொதல்ல ஒடி. ஒடிச்சுட்டு எங்கிட்டச் சொல்லு. நான் இன்னொண்ணு செஞ்சு தர்றேன். சரியா?"

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமாடா. கையில கட்டு இருக்கு, அடிச்சுத் தர முடியாது."

அந்தக் குளிர்காலம் வெர்லின் லாரி ஓட்ட முடியாமல் வீட்டிலிருந்தான். பிரீசரில் முந்தைய வருடத்துக் கறி தீரும் நிலையில் இருந்தது. அதை யாரிடமும் அவர்கள் சொல்லவில்லை. ஆனால் மலையடிவாரத்து ஊரில் யார் வீட்டில் எல்க் விழுந்தது, யார் வீட்டில் விழவில்லை என்பது மறைக்கக்கூடிய விஷயம் அல்ல. நான் ஒரு பொட்டலம் கொண்டுபோனேன், தொடைக்கறி. எனக்கு முன்னாலேயே அவர்கள் படியில் இரண்டு பொட்டலம் இருந்தன. வெள்ளைக் கசாப்புத் தாளில் சுற்றி, மேலே பென்சிலில் 'கொத்துக்கறி', 'ஸ்டேக்' என்று எழுதி, யார் வைத்தது என்று எழுதாமல். மரக்கம்பெனி முதலாளி ஒரு முன்னங்காலையே அனுப்பினார். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் மிஸஸ் கெல்லாண்ட், எண்பது வயசு, வெர்லினோடு பத்து வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவள், தான் செய்த மான்கறித் தொத்திறைச்சியை லோரீன் கையில் திணித்து, "அவனுக்காக இல்ல, உனக்காக," என்று சொல்லிவிட்டுப் போனாள். வெர்லின்தான் அதில் பாதியைத் தின்றான். பனி விலகியதும் அவள் வீட்டு வேலியைப் போய் நிமிர்த்திக் கொடுத்துவிட்டு வந்தான். பேச்சு அப்படி மறுபடி தொடங்கியது.

ஒருநாள் பிரீசர் மூடி சாத்த முடியாமல் நின்றது. லோரீன் அதன் மேல் ஏறி உட்கார்ந்து மூடினாள். "நீ அடிச்சுக் கொண்டு வந்த வருசத்துல ஒருநாளும் இவ்வளவு கறி இருந்ததில்ல," என்றாள். "அடுத்த வருசமும் கைய ஒடைச்சுக்கிறியா?"

வெர்லின் சிரிக்கவில்லை. பிரீசருக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பொட்டலத்தின் எழுத்தையும் பார்த்து, இது யார் கையெழுத்து, இது யார் கையெழுத்து என்று கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தான். அதில் ஏழெட்டை அவனால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கடைத்தெருவில் எதிர்ப்படுகிற எல்லோருக்கும் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்ல ஆரம்பித்தான். யாராக இருந்தாலும் இருக்கட்டும் என்று.

அடுத்த கோடையில் ஆளுக்கு ஆள் அவனிடம் வந்து கேட்டார்கள். விலை கூடின அம்பு ஆபத்தா? மலிவானதே மேலா? பெட்ரோல் பங்கில் ஒரு பெண், புதிதாக வில் வாங்கினவள், வண்டிக் கண்ணாடியை இறக்கி நேராகவே கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

வெர்லின் கட்டைவிரலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "காசு இருந்தா வாங்கும்மா. நல்ல சரக்குதான், பொய் சொல்ல மாட்டேன். எல்லாம் ஒண்ணுபோல போகும், சலிக்கிற வேலை இல்ல. காசு இல்லன்னா மலிவானத வாங்கி, உக்காந்து சலிச்சு எடு. மானுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா எத வாங்குனாலும், ஒடிச்சுப் போட மனசு வர்ற அம்பா வாங்கு. அந்த வெலைக்கு மேல போகாத."

"உங்களுக்கு எவ்வளவு வெலை வரைக்கும் மனசு வரும்?"

"எனக்கா? இப்ப எவ்வளவு வெலைன்னாலும் வரும்," என்றான்.

செப்டம்பரில் டாக்டர் அவனை மலையேற அனுமதித்தார், வில் பிடிக்க அனுமதிக்கவில்லை. கட்டைவிரலில் பாதிக்கு மேல் உணர்வு திரும்பியிருந்தது, பிடிதான் இன்னும் வரவில்லை. அதனால் அந்த வருடம் ஊதுகிற வேலை வெர்லினுக்கு. அவன் ஊதுவது எண்ணெய் போடாத கதவு மாதிரி இருக்கும். ஹால்வர் காதைப் பொத்திக்கொண்டான். ஆனாலும் சீசன் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு பெட்டை எல்க், என்ன கதவு இது என்று பார்க்க வந்தது போல, மெதுவாக மரங்களுக்கு வெளியே வந்து நின்றது. ஹால்வர் அம்பை எடுத்தான், காதோரம் வைத்து ஒருமுறை வளைத்தான், நாணில் மாட்டினான். விட்டான். அம்பு மானைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனது. மான் கொஞ்ச தூரம் ஓடி, கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே படுத்தது.

ஹால்வர் எழுந்திருக்கவில்லை. வில்லை மடியில் வைத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, அப்படியே உட்கார்ந்திருந்தான். வெர்லின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஒரு மான் என்று ஒருவன் நினைத்திருப்பான். நல்லபடியாக, வலியில்லாமல் விழுந்தது என்று இன்னொருவன் நினைத்திருப்பான். இருவரும் எழுந்து போய் மானின் கழுத்தில் கை வைத்து, கொஞ்ச நேரம் நின்றார்கள்.

கறியைச் சுமக்க வெர்லின் எனக்குப் போன் செய்தான். நான் போய்ச் சேர்ந்தபோது ஹால்வர் அறுக்க, வெர்லின் அந்தத் தழும்பு விழுந்த இடது கையால் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பிடி நழுவும், மறுபடி பிடிப்பான். "விடு மச்சான், நான் பாத்துக்கிறேன்," என்றான் ஹால்வர். "புடிக்கிறேன்டா, அறு," என்றான் வெர்லின். மூன்று பேரும் இரண்டு நடை நடந்து இறக்கினோம்.

அன்று மாலை லோரீன் மானின் இதயத்தை மெல்லிசாக அரிந்து, வெங்காயம் போட்டு, வெண்ணெயில் வதக்கினாள். மேசையில் நாங்கள் நான்கு பேர். அவள் வழக்கம்போல இரண்டு வரியில் ஜெபத்தை முடித்துவிட்டு முள்கரண்டியை எடுத்தாள். வெர்லின் எடுக்கவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றான். "போன வருசம் இதே நேரம்... நான் உனக்குச் சரியா சொல்லவே இல்ல ஹால்வர். நீ அந்தப் புல்லுல..."

"மச்சான், வேணாம்," என்றான் ஹால்வர், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"இல்ல, சொல்லித்தான் ஆகணும். நீ மட்டும் திரும்பி அந்த மலைக்குப் போகலன்னா இந்தக் கையி..."

வெர்லின் தழும்பு விழுந்த கையை மேசையில் விரித்து வைத்தான். ஹால்வரின் காது மடல் சிவந்துவிட்டது. நான் உப்புக் குப்பியை எடுத்துப் பார்த்தேன்.

லோரீன் ஒரு கையைப் புருஷன் தோளிலும், இன்னொரு கையைத் தம்பி தோளிலும் வைத்தாள்.

"அவனுக்குத் தெரியும்," என்றாள். "இதுக்கு மேல ஆறவிட்டா வெண்ணெய் உறைஞ்சிரும். சாப்பிடுங்க."

சாப்பிட்டோம்.